பகல் ஒரு மணிக் கச்சேரி

லண்டன் மாநகரின் நடுவே டிரபால்கர் சதுக்கம் என்றொரு திறந்தவெளி இருக்கிறது. கடற்படைத் தலைவர் நெல்சனின் சிலையைத் தாங்கிய உயர்ந்த தூண் நிற்பது அங்கேதான். சதுக்கத்தின் வடபுறத்தை அடைத்தவாறு நீண்டு நிற்கும் கட்டிடம் தேசியச் சித்திரசாலை. 1824 ஆம் ஆண்டில் தோன்றி, 1838 முதல் இந்தக் கட்டிடத்தில் நிலைபெற்ற அச்சித்திரசாலையில் ஐரோப்பாவின் தலைசிறந்த ஓவியர் பலரின் படங்கள் உள்ளன. 1939 ஆம் ஆண்டு அக்டோபர் 10 ஆம் நாள், செவ்வாய்க்கிழமை நண்பகலில், அதன் வாயிலில் தொடங்கிய மக்கள் வரிசை படிகளில் இறங்கிச் சதுக்கம் வரை நீண்டது. அவர்கள் படம் பார்க்க வந்தவர்கள் அல்லர். அன்று உள்ளே பார்ப்பதற்குப் படங்கள் இல்லை. சுவர்கள் வெறுமையாய் இருந்தன. ஒரு பெண்மணி பியானோ வாசிக்கப்போகிறார் என்று கேள்வியுற்று வந்தவர்கள் அவர்கள். கட்டணம் ஒரு ஷில்லிங்.

அந்நாளைய லண்டனை மனக்கண் முன் கொண்டுவந்து பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். செப்டம்பர் 3 ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் அறிவித்தது. அன்றே குண்டுகள் விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகளும் தாய்மாரும், நகரங்களைவிட்டு நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பெற்றனர். நாடகக் கொட்டகைகளையும் சினிமாக் கொட்டகைகளையும் இசைமண்டபங்களையும் மூடும்படி அரசாங்கம் ஆணையிட்டது. இரவில் வீதி விளக்குகள் இல்லை, சன்னல்தோறும் கருந்திரை. வானொலியும் தன் பல வரிசைகளைக் குறைத்துக்கொண்டு ஒரே வரிசையாகச் சுருங்கியது. சித்திரசாலையின் படங்கள் போர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே பெட்டிகளில் அடைக்கப்பெற்று வேல்ஸ் நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தன. ஆனால் எதிர்பார்த்த குண்டுகள் அப்போது விழவில்லை. மக்கள் இருட்டில் காத்திருந்தார்கள். சினிமாக் கொட்டகைகள் சில வாரங்களில் ஒவ்வொன்றாகத் திறந்தன. நல்ல சங்கீதத்துக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

அக்கதவைத் திறந்தவர் மைரா ஹெஸ் அம்மையார். அப்போது அவருக்கு வயது 49. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முதல் வரிசைப் பியானோ வித்துவான்களுள் ஒருவராக மதிக்கப்பெற்றவர். அவர் புரிந்த பெருங்காரியத்தைக் கூறுமுன், அவர் அந்நிலையை எவ்வாறு எய்தினார் என்பதைச் சிறிது பார்ப்போம்.

1890 பிப்ரவரி 25 ஆம் நாள் லண்டனில், நெசவுத்துணி வாணிகம் செய்த ஒரு யூதக் குடும்பத்தில், நான்கு குழந்தைகளுள் கடைசியாகப் பிறந்தவர் மைரா. ஐந்து வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். கில்டுஹால் இசைப்பள்ளியில் சில காலம் பயின்றபின், உபகாரச் சம்பளம் பெற்று இராயல் இசைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் டோபயஸ் மாத்தே.

இவ்விடத்தில் பியானோ என்னும் வாத்தியத்தைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம் வீணையில் ஒரு சுரத்தை மீட்டியபின் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கலாம். அதை வளைக்கலாம், அசைக்கலாம், அடுத்த சுரத்தோடு இழைக்கலாம். பியானோவில் அது நடவாது. கட்டையை விரல் அழுத்தியதும் உள்ளேயுள்ள ஒரு சிறு சுத்தியல் தந்தியைத் தட்டிவிட்டு விலகிவிடுகிறது. பிறகு அச்சுரத்தைப் பெருக்கவோ வளைக்கவோ வாசிப்பவருக்கு வழியில்லை. அது தானாகவே தேய்ந்து மறையும். ஆகவே பியானோ வித்துவானின் கலையெல்லாம் அந்தத் தட்டுதலுக்கு முந்திய கணத்தில் அடங்கியிருக்கிறது. கட்டை எவ்வளவு விரைவில், எவ்வளவு கனத்தோடு கீழே இறங்குகிறது என்பதைப் பொறுத்தே ஒலி முரடாகவும் மென்மையாகவும் அமைகின்றது. மரத்தையும் இரும்பையும் கொண்டு செய்த ஒரு யந்திரத்தைப் பாட வைப்பதே அக்கலை.

இதை நுணுகி ஆராய்ந்தவர் மாத்தே. 1903 இல் விரல் தொடுகையைப்பற்றி ஒரு பெரிய நூலே எழுதி வெளியிட்டார். விரல்களை மட்டும் சம்மட்டிபோல் ஓங்கி அடிக்கும் பழைய பயிற்சியை அவர் ஏற்கவில்லை. கையையும் தோளையும் தளரவிட்டு, கையின் கனத்தைக் கட்டையின்மேல் இறக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழும் ஒலியைத் தன் காதாலேயே கூர்ந்து கேட்கவேண்டும் என்பது அவர் போதனை. அவருடைய நூல்கள் படிப்பதற்குக் கடினமானவை என்பது உண்மையே. ஆனால் ஓர் ஆசிரியரை மதிப்பிட நூலைக் காட்டிலும் மாணவர்களே சிறந்த சான்று. மைரா ஹெஸ், ஐரீன் ஷாரர், ஹாரியட் கோஹன், கிளிபர்டு கர்சன், மூரா லிம்பனி என அவரிடம் பயின்றவர்களின் பெயர்களை அடுக்கினாலே அந்நாளைய ஆங்கிலப் பியானோ இசையின் வரலாறு பெரும்பகுதி வந்துவிடும். இங்கே இன்னொன்றையும் நினைவிற் கொள்வது நன்று: மாத்தே லண்டனில் பிறந்தவரேயாயினும் அவருடைய பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

1907 நவம்பர் 14 ஆம் நாள், பதினேழு வயதுப் பெண்ணாக, மைரா லண்டன் குவீன்ஸ் ஹாலில் அரங்கேறினார். வாத்திய கோஷ்டியை நடத்தியவர் தாமஸ் பீச்சம். அவரும் அப்போது புகழ் ஏணியின் அடிப்படிகளில் நின்ற இளைஞரே. மைரா அன்று வாசித்தது பீத்தோவனின் நான்காம் கன்செர்ட்டோ. அரங்கேற்றத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவருடைய இயல்பு தெரிகிறது. கன்செர்ட்டோ என்பது பியானோ முதலிய ஒரு வாத்தியம் பெரிய வாத்திய கோஷ்டியோடு உரையாடும் இசைவகை. பீத்தோவன் காலத்து வழக்கப்படி கோஷ்டி முதலில் முழங்கி ஓய்ந்தபின்பே தனி வாத்தியம் நுழையும். இந்த நான்காவதிலோ பியானோ தனியாக, மிக மெல்லிய குரலில், ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறது. கோஷ்டி அதைக் கேட்டு வியந்ததுபோல் வேறொரு சுருதியிலிருந்து விடை கூறுகிறது. விரல் வேகத்தைக் காட்டிக் கரகோஷம் பெற எண்ணுபவர் இப்படித் தொடங்கும் ஓர் இசையை முதல் நாளில் தொடமாட்டார்.

கச்சேரி நன்றாக அமைந்தது. ஆனால் அழைப்புகள் குவிந்துவிடவில்லை. அடுத்த பல ஆண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்தே அவர் காலங் கழிக்க வேண்டியிருந்தது. 1912 இல் ஹாலந்து நாட்டில் வாசித்தபோதுதான் முதன்முதலாகப் பெரிய வரவேற்புக் கிடைத்தது. டச்சு ரசிகர்கள் அவரை இறுதிவரை தம்மவராகவே பாவித்தனர். 1922 இல் நியூயார்க்கில் வாசித்தார். அதுமுதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் அமெரிக்கப் பிரயாணம் என்றாயிற்று. வயலின் வித்துவாம்சினி ஜெல்லி தாரான்யியோடு இணைந்து இருபதாண்டு வாசித்ததும் இக்காலத்தில்தான். 1936 இல் அரசாங்கம் அவருக்கு விருது வழங்கியது. புகழ், பொருள், ஊர்தோறும் ரசிகர்கள் என எல்லாம் வந்துவிட்ட வாழ்க்கை அது.

இவற்றுக்கிடையே 1926 இல் வெளிவந்த ஒரு சிறு வெளியீடு அவர் பெயரை, கச்சேரிக்கே போகாத மக்களிடமும் கொண்டு சேர்த்தது. ஜெர்மானிய இசைமேதை பாக், 1723 இல் லைப்சிக் நகரில், மாதாகோவில் வழிபாட்டுக்கென அமைத்த ஒரு நீண்ட கீர்த்தனத் தொகுப்பில், பலர் கூடிப் பாடும் பகுதி ஒன்றுண்டு. மக்கள் மெதுவாகப் பாடும் பழைய பக்திப்பாட்டு ஒருபுறம். அதைச் சுற்றி ஓயாமல் ஓடும் வாத்திய இசை ஒருபுறம். கல்லைச் சுற்றி நீர் ஓடுவதுபோன்ற அமைப்பு. மைரா அம்மையார் இதைத் தனிப் பியானோவுக்கென மாற்றி அமைத்தார். இரு கைகளின் பத்து விரல்களுக்குள் ஓடும் நீரையும் நிற்கும் கல்லையும் ஒருங்கே அடக்குவது எளிதன்று. நடுவிரல்கள் பாட்டைப் பாட, மற்ற விரல்கள் ஓட்டத்தை நடத்தவேண்டும். பாட்டு ஓட்டத்தில் மூழ்கிவிடவும் கூடாது. எழுத்தில் சில பக்கங்களே கொண்ட அந்த அமைப்பு, பியானோ இருந்த வீடுகளிலெல்லாம் புகுந்தது. அம்மையாரின் கச்சேரிகளில் இதைக் கேளாமல் ரசிகர்கள் எழுந்து போவதில்லை என்னும் நிலை உண்டாயிற்று.

இனி 1939 க்கு வருவோம். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் அமெரிக்காவில் ஒரு பெரிய பிரயாணம் ஏற்பாடாகியிருந்தது. போய்விட்டிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அக்கரை சேர்ந்து போர் முடியும்வரை அங்கேயே தங்கிவிட்ட கலைஞர் பலர். மைரா ஹெஸ் பிரயாணத்தை ரத்துச் செய்தார். நாட்டுக்குத் தாம் என்ன செய்யலாம் என்று எண்ணிப் பார்த்தபோது, தமக்குத் தெரிந்தது ஒன்றே. அதற்கோ இடம் இல்லை. மண்டபங்கள் மூடிக் கிடந்தன. இரவு இருட்டடிப்பில் மக்கள் வெளியே வருவதும் அரிது. பகலில், நகரின் நடுவில், வேலைக்குப் போவோர் உணவு இடைவேளையில் நடந்து வந்து சேரக்கூடிய ஓர் இடம் வேண்டும். வெறுமையாய்க் கிடந்த சித்திரசாலையின் நினைவு அப்போதுதான் வந்தது.

சித்திரசாலையின் தலைவராக அப்போது இருந்தவர் கென்னத் கிளார்க் என்னும் அறிஞர், முப்பத்தாறு வயதினர். மைரா அம்மையார் அவரிடம் சென்று, எப்போதாவது ஒரு கச்சேரி நடத்த இடம் தருவீர்களா என்று கேட்டார். எப்போதாவது என்ன, நாள்தோறும் நடத்தினால் என்ன என்று கிளார்க் திருப்பிக் கேட்டார். காலியாய்க் கிடக்கும் கூடங்களுக்குக் காவலராய் இருப்பது அவருக்கும் பெருந்துன்பமாக இருந்ததுபோலும். அரசாங்கத்தின் அனுமதியும் கிடைத்தது. ஆனால் குண்டு விழக்கூடிய நகரில் பெருங்கூட்டம் கூடலாகாது என்பதால், இருநூறு பேருக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று விதி செய்தனர்.

முதல் நாள் கச்சேரியை அம்மையாரே தனியாக நடத்தினார். வந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். விதி முதல் நாளிலேயே காற்றில் போயிற்று. கண்ணாடி விதானத்தின் கீழிருந்த கூடத்தில் நாற்காலி கிடைத்தவர்கள் அமர்ந்தனர், மற்றவர்கள் நின்றனர், சிலர் தரையில் உட்கார்ந்தனர். ஸ்கார்லாட்டி, பாக், ஷூபர்ட், ஷோப்பன், பிராம்ஸ் ஆகியோருக்கு நடுவே பீத்தோவனின் ‘அப்பாஸியோனாட்டா’ என்னும் பெரிய சொனாட்டா அன்று இடம்பெற்றது. பாக்கின் அந்தப் பக்திப்பாட்டும் இருந்தது. சொனாட்டாவின் முதல் சில சுரங்கள் எழுந்தபோது தம் கண்களில் நீர் பெருகிற்று என்றும், கூடத்தில் பாதிப்பேர் அந்நிலையிலேயே இருந்தனர் என்றும் கிளார்க் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். ஐந்து வாரமாக எவரும் நல்ல இசையை நேரிற் கேட்டிருக்கவில்லை.

ஒரு நாள் உணர்ச்சிப் பெருக்கில் ஒரு கச்சேரி நடத்துவது கடினமன்று. மறுநாளும் நடத்துவதுதான் கடினம். அதற்கு மறுநாளும். வரலாற்றில் மைரா ஹெஸ் அம்மையார் பெற்ற இடத்தை நான் இங்கேதான் காண்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, பகல் ஒரு மணிக்கு, ஒரு ஷில்லிங் கட்டணத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த ஏற்பாடு ஆறரை ஆண்டுகள் நடந்தது. ஒரு பவுனில் இருபதில் ஒரு பங்கு ஷில்லிங். தட்டெழுத்து வேலை செய்யும் பெண்ணுக்கும் சிப்பாய்க்கும் எட்டாத தொகை அன்று. வாசிக்க வருபவர் உலகப்புகழ் பெற்றவராயினும் அன்றுதான் முதன்முதல் மேடையேறும் இளைஞராயினும், எல்லோருக்கும் ஒரே அளவான சிறு சன்மானம். அம்மையார் தமக்கென ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. மிச்சப்பட்ட தொகை, போரினால் பிழைப்பிழந்த இசைக்கலைஞர்களுக்கு உதவும் நிதிக்குச் சென்றது.

நாள்தோறும் ஒரு கச்சேரி என்றால் அதற்கு எத்தனை கடிதங்கள், எத்தனை தொலைபேசிப் பேச்சுகள்! வரவேண்டிய வித்துவான் படையில் சேர அழைப்பு வந்து போய்விடுவார், ரயில் தடைப்படும், நால்வர் குழுவில் ஒருவருக்கு விடுமுறை கிடைக்காது. எல்லாவற்றையும் சமாளித்து நிரல் வகுக்க, ஹவர்டு பெர்குசன் என்னும் இளம் இசையமைப்பாளர் அம்மையாருக்குத் துணை நின்றார். வருவோர் உணவு இடைவேளையைக் கச்சேரிக்குச் செலவிட்டுவிட்டுப் பட்டினியோடு திரும்பக்கூடாதே என்று ஒரு சிற்றுண்டிச் சாலையும் சேர்ந்தது. அங்கே தொண்டு செய்த பெண்மணிகள் தேனும் உலர்ந்த திராட்சையும் வைத்துத் தந்த ரொட்டி, பங்கீட்டுக் காலத்து லண்டனில் பெயர்பெற்ற பண்டமாயிற்று. சங்கீதத்துக்காக வந்தவர்கள் எத்தனை பேர், ரொட்டிக்காக வந்து சங்கீதத்தில் சிக்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்!

1940 செப்டம்பர் 7 ஆம் நாள் குண்டுமழை தொடங்கியது. ஐம்பத்தேழு இரவுகள் தொடர்ந்து லண்டன்மீது குண்டுகள் விழுந்தன. கண்ணாடி விதானத்தின் கீழ் இனி உட்காரலாகாது. கச்சேரி அடித்தளத்திலிருந்த காப்பறைக்கு இறங்கிற்று. மேலே இருந்ததைவிடக் குறுகிய இடம். குளிர் மிகுந்த இடம். 1941 கோடைக்காலம் வரை அங்கேயே நடந்தது. அக்டோபரில் சித்திரசாலையின்மீதே குண்டுகள் விழுந்து ஒரு கூடம் அழிந்தது. வெடியாமற் கிடந்த குண்டு ஒன்று, அதை அகற்ற வந்தவர்கள் உணவுக்குச் சென்றிருந்த வேளையில், கட்டிடத்தின் வேறொரு பகுதியில் வெடித்தது. அப்போது கச்சேரி நடந்துகொண்டிருந்தது. பீத்தோவனின் நால்வர் இசையை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் தாளம் தப்பவில்லை. குண்டுவீச்சின் அந்த மாதங்கள் முழுவதும் ஒரு நாட் கச்சேரிகூட நின்றதில்லை. 1941 மே 10 ஆம் நாளிரவு, மைரா அரங்கேறிய குவீன்ஸ் ஹால் தீக்கிரையாகி மறைந்தது. டிரபால்கர் சதுக்கத்துக் கச்சேரியோ நடந்துகொண்டேயிருந்தது. அவ்வாண்டில்தான் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அம்மையாருக்கு ‘டேம்’ என்னும் பட்டத்தை அளித்தார்.

அங்கே வாசிக்கப்பெற்ற இசை எது என்பதைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஆங்கில இசையமைப்பாளர்களின் புதிய படைப்புகளுக்கும் இடம் இருந்தது. ஆயினும் அந்நிகழ்ச்சிகளின் முதுகெலும்பாய் நின்றவர்கள் பாக், மொசார்ட், பீத்தோவன், ஷூபர்ட், ஷூமன், பிராம்ஸ் ஆகியோரே. அனைவரும் ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ பிறந்தவர்கள். இரவெல்லாம் ஜெர்மன் விமானங்களின் குண்டுகளுக்கு அஞ்சிச் சுரங்கப்பாதையில் படுத்திருந்துவிட்டு, பகல் ஒரு மணிக்கு வந்து ஜெர்மானிய இசையைக் கேட்டார்கள் லண்டன் மக்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டபோது, குவீன்ஸ் ஹால் கச்சேரி வரிசையில் வாக்னர் இசைக்கென ஒதுக்கியிருந்த ஓர் இரவின் நிரலை மாற்றினார்கள். சில நாட்களிலேயே வாக்னர் திரும்பிவந்துவிட்டார் என்பது வேறு. பகைவனுடைய இசையை விலக்கவேண்டும் என்னும் கூச்சல் அப்போது பலமாக இருந்தது. இரண்டாம் போரில் அக்கூச்சல் அவ்வளவு எழாததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மைரா ஹெஸ் அம்மையார் வகுத்த நிரல்கள் ஒரு சிறந்த இடத்தைப் பெறும். அவர் இதைக் குறித்துப் பிரகடனம் செய்யவில்லை, வாசித்தார். ஜெர்மனியில் பிறந்து 1934 இல் இங்கிலாந்து வந்து குடியேறிய பாடகி எலெனா கெர்ஹார்ட், அதே கூடத்தில் ஜெர்மானியப் பாட்டுகளைப் பாடினார். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வந்த வாத்தியக் கலைஞர்களுக்கும் அங்கே மேடை கிடைத்தது. அவர்களைப் போன்ற அகதிகளுள் ஆடவர் பலரை, அந்நியர் என்ற காரணத்தால், 1940 இல் பிரிட்டிஷ் அரசாங்கமே தடுப்பு முகாம்களில் அடைத்துவைத்தது என்பதை மறவாமல் எண்ணிப் பார்த்தால், அந்த மேடையின் மதிப்பு மேலும் விளங்கும். 1941 இல் பி.பி.சி. வெற்றியின் அடையாளமாக ஐரோப்பாவுக்கு ஒலிபரப்பிய மூன்று குறிலும் ஒரு நெடிலுமான முழக்கத்தில், உலகம் கேட்டது பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கத்தைத்தான்.

மறுபுறம் ஜெர்மனியில் நடந்ததென்ன? 1933 முதல் யூத இசைக்கலைஞர்கள் இசைக்குழுக்களினின்றும் இசைப்பள்ளிகளினின்றும் நீக்கப்பெற்றனர். தங்கள் இனத்தார்க்கு மட்டும் தாங்களே கச்சேரி நடத்திக்கொள்ளும்படி அவர்களை ஒதுக்கினார்கள். பிறகு அந்த ஒதுக்கப்பட்ட அரங்குகளிலும் பீத்தோவன் கூடாது என்றார்கள். 1938 இல் ஆஸ்திரியா பறிபோனபின் மொசார்ட்டும் கூடாது என்றார்கள். அவர்கள் கணக்கில், யூதக் குடும்பத்தில் பிறந்த மைரா ஹெஸ் ‘அப்பாஸியோனாட்டா’வைத் தொடும் உரிமையில்லாதவர். லூதரின் சமயத்தார் பாடிய பாக்கின் பக்திப்பாட்டை அவர் பியானோவுக்கு அமைத்தது அதனினும் பெருங்குற்றம். லண்டனில் அவ்வம்மையார் அவ்விரண்டையும் வாசித்த முதல் நாளில், அந்த இசையின் உண்மையான வாரிசு யார் என்னும் வழக்குக்கு ஒரு விடை ஒலித்துவிட்டது.

இக்கச்சேரிகளைப்பற்றிக் குறை கூறுவோரும் உண்டு. நடு லண்டனில் அலுவல் பார்த்தவர்களும் படித்தவர்களுமே பெரும்பாலும் வந்தனர். துறைமுகப் பகுதியில் வீடிழந்த ஏழைகளுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று அவர்கள் கேட்கின்றனர். போர்க்காலத்துப் பிரசாரப் படங்கள் இவற்றைப் பெரிதாக்கிக் காட்டின என்றும் கூறுகின்றனர். 1942 இல் வெளிவந்த ‘பிரிட்டனைக் கேளுங்கள்’ என்னும் செய்திப்படத்தில், அம்மையார் விமானப்படை வாத்தியக் குழுவோடு மொசார்ட் வாசிப்பதும், அரசி எலிசபெத் அமர்ந்து கேட்பதும் இடம்பெற்றிருப்பது உண்மைதான். அப்படம் மக்களை ஊக்குவிக்கவே எடுக்கப்பெற்றது. ஆனால் அதே படத்தில் சித்திரசாலைக் கூடத்தின் முகங்களைக் கவனியுங்கள். சிப்பாய்கள், செவிலியர், ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் சாய்ந்திருக்கும் பெண்கள். எல்லோருக்கும் எட்டவில்லை என்பதனால், எட்டியது சிறுமைப்பட்டுவிடாது.

இசையால் படங்களுக்கும் ஒரு நன்மை விளைந்தது. வேல்ஸ் நாட்டில் பல இடங்களில் இருந்த படங்கள் 1941 இல் மானோடு என்னும் மலையிலுள்ள கற்சுரங்கத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. கச்சேரிக்கு வந்த மக்கள் வெறுஞ்சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தனர். ரெம்பிராண்ட் தீட்டிய முதிய பெண் ஒருத்தியின் உருவப்படம் அப்போது புதிதாக வாங்கப்பட்டபோது, அதையாவது கண்ணிற் காட்டுங்கள் என்று மக்கள் விரும்பினர். விளைவாக, 1942 முதல், மாதத்துக்கு ஒரு படம் சுரங்கத்திலிருந்து லண்டனுக்கு வந்தது. குண்டு அபாயத்துக்கு அஞ்சிப் பகலில் மட்டும் அதைத் தொங்கவிட்டார்கள். ஆயிரத்தெண்ணூறு படங்கள் தொங்கிய இடத்தில் ஒரே ஒரு டிஷியன்! சிறு வயது முதல் அப்படத்தை அவசரமாகக் கடந்துபோனவர்கள் அன்று அதன்முன் நெடுநேரம் நின்றிருப்பார்கள்.

போர் 1945 இல் முடிந்தது. படங்கள் திரும்பி வந்தன. கூடங்கள் வேண்டும் என்றனர் சித்திரசாலையார். கச்சேரிகள் தொடர வேண்டும் என்பது அம்மையாரின் ஆசை, ரசிகர்களும் விண்ணப்பித்தனர். பயன் இல்லை. 1946 ஏப்ரல் 10 ஆம் நாள் கடைசிக் கச்சேரி நடந்தது. கணக்கு முடித்துப் பார்த்தபோது கச்சேரிகள் 1,698. வந்து கேட்டோர் 8,24,152 பேர். சராசரி நாளொன்றுக்கு 485. அம்மையார் தாமே வாசித்தவை சுமார் 150. மொசார்ட்டின் பியானோ கன்செர்ட்டோக்களை, அவற்றை எளிய இசையென்று பலர் ஒதுக்கியிருந்த காலத்தில், தொடர் வரிசையாக நடத்திக் காட்டியது இவற்றுள் தனியே குறிப்பிடத்தக்கது. ஒரு வித்துவான் தம் திறமையின் உச்சத்தில் இருக்கும் ஆறரை ஆண்டுகள், 49 முதல் 56 வயது வரை, இக்கணக்கில் அடங்கிவிட்டன. அந்த ஆண்டுகளில் அவர் அயல்நாட்டு மேடை எதிலும் பிரயாணம் செய்து வாசித்திருந்தால் அடைந்திருக்கக்கூடிய பொருளையும் புகழையும் எவரும் கணக்கிட்டதில்லை.

போருக்குப்பின் அமெரிக்கா அவரை மறக்கவில்லை என்பது தெரிந்தது. 1946 நவம்பரில் நியூயார்க்கில் டாஸ்கானினி நடத்திய வாத்திய கோஷ்டியோடு பீத்தோவனின் மூன்றாம் கன்செர்ட்டோவை வாசித்தார். அது வானொலியில் நாடெங்கும் ஒலித்தது. இசைத்தட்டு என்றால் அவருக்கு எப்போதும் கசப்பு. எதிரே மக்கள் இல்லாத அறையில், சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது அவருக்கு உகந்ததன்று. அதனால் அவர் விட்டுச்சென்ற தட்டுகள் அவருடைய பெருமைக்கு மிகக் குறைவு. 1950 களில் பதிவு செய்த பீத்தோவனின் இறுதிக்காலச் சொனாட்டாக்கள் இரண்டையும் கேட்டால், மாத்தே தேடிய ஒலி யாது என்பது புலனாகும். சுரம் தேயும்போதும் பாட்டு தேயாமல் அடுத்த சுரத்துக்குக் கைமாறிப் போகிறது.

உடல் நலிவு வந்தது. 1961 அக்டோபர் 31 ஆம் நாள், லண்டன் இராயல் பெஸ்டிவல் ஹாலில், ஏட்ரியன் போல்ட் நடத்திய கோஷ்டியுடன் மொசார்ட்டின் ஒரு கன்செர்ட்டோவை வாசித்ததே அவருடைய கடைசிப் பொதுக்கச்சேரியாயிற்று. விரல்கள் இடங்கொடாத பின்னும் மாணவர்களுக்குக் கற்பித்துவந்தார். 1965 நவம்பர் 25 ஆம் நாள் காலமானார்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தார் 1977 இல் அவர் பெயரால் ஒரு கச்சேரி வரிசையைத் தொடங்கினார்கள். புதன்கிழமைதோறும் நண்பகலில், பெரும்பாலும் இளங்கலைஞர்கள் வாசிப்பது. கேட்பதற்குக் கட்டணம் இல்லை. வர இயலாதவர்களுக்காக அந்நகர வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பி வந்திருக்கிறது.